படப்பெயரைக் கலைத்துப் புதுப்பெயர் கட்டுவது எப்படி

"அண்ணாமலை" என்ற பெயரில் ஐந்து எழுத்துகள்: அ, ண், ணா, ம, லை. இடம் மாற்றி வைத்தால் "அலை மண்ணா?" என்று ஒரு கேள்வி வருகிறது. எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. 1992இல் வந்த ரஜினி படத்தின் பெயருக்குள் ஒரு கடற்கரை இருந்திருக்கிறது! இலங்கையின் பரந்தனில் என் வீட்டுக்கு அக்காவின் பிள்ளைகள் வந்தால் இப்போது இதுதான் விளையாட்டு. கரண்ட் இல்லாத இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் விளையாடலாம்.

முதலில் எதை ஓர் எழுத்தாகக் கொள்வது என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். நான் உயிர்மெய்யை உடைக்க விடமாட்டேன். "லை" ஓர் எழுத்து, புள்ளி வைத்த "ண்" ஓர் எழுத்து. "ல" இருக்கும் இடத்தில் "லா" போடக் கூடாது. உடைக்க விட்டால் எதை வேண்டுமானாலும் எதுவாகவும் ஆக்கிவிடலாம், அதில் ருசியில்லை.

கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக எழுதி வெட்டிக்கொள்ளுங்கள். கொப்பியில் எழுதி எழுதி அழிப்பதைவிட இதுதான் நல்லது. கடதாசித் துண்டுகளைக் கையால் நகர்த்தும்போது கண் தானாகச் சொல்லைப் பிடிக்கும். மூன்று, நான்கு எழுத்துப் பெயர்களில் பெரும்பாலும் ஒன்றும் அசையாது. ஐந்திலிருந்து பத்து எழுத்து வரை உள்ள பெயர்களை எடுங்கள்.

அடுத்தது புள்ளி எழுத்துகள். இதில்தான் விஷயம் இருக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. க், ட், த், ப் போன்ற வல்லின மெய்கள் சொல்லின் கடைசியிலும் நிற்காது, பெரும்பாலும் தன் இனத்தையே பக்கத்தில் தேடும். ங் வந்தால் பின்னால் ககர வரிசை, ஞ் வந்தால் சகர வரிசை, ந் வந்தால் தகர வரிசை. ஆகவே புள்ளிகளுக்கு முதலில் சோடி சேர்த்துவிடுங்கள். ன், ம், ல், ர், ள் ஆகியவற்றைச் சொல்லின் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். மிச்சத் துண்டுகள் கொஞ்சம்தான் இருக்கும், அவற்றைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பாருங்கள்.

எங்கள் நாட்டில் 1972இல் எடுத்த "குத்துவிளக்கு" படத்தைப் பாருங்கள். கட்டடக்கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த படம். த் பக்கத்தில் து, க் பக்கத்தில் கு. அப்புறம் ள, வி, இன்னொரு கு. "குளத்து" என்று ஒரு சொல் எழும்பும், மிச்சம் "விக்கு". குளத்து விக்கு! இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களை நம்பி வாழும் எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விக்கினேஸ்வரன் என்று பெயர் வைத்த பிள்ளை வீட்டுக்கு விக்குவாகலாம். செல்லப் பெயர்களை நான் ஏற்றுக்கொள்வேன்.

நீளப் பெயர் என்றால் 1965இல் வந்த எம்.ஜி.ஆரின் "ஆயிரத்தில் ஒருவன்". பத்து எழுத்து. ஒருவனுக்குள் ஒரு ர வைத்தால் "ஒரு வரன்" ஆகிவிடும். மிச்சத்தைச் சேர்த்தால் "ஆத்தியில்". ஆத்தியில் ஒரு வரன். ஆத்தி எங்கள் காட்டு மரம். அக்காவின் சின்னவன், "சித்தி, மாப்பிள்ளை ஏன் மரத்தில ஏறினவர்?" என்று கேட்டான். பொம்பிளை வீட்டார் வருகிறார்களா என்று பார்க்க ஏறியிருப்பார் என்றாள் மூத்தவள். இப்படிக் கதை பிறந்தால் அந்தப் பெயர் வெற்றி.

படத்தோடு பேசும் பெயர்தான் என் கணக்கில் முதல் இடம். 1961இல் வந்த "பாசமலர்" அண்ணன் தங்கைக் கதை. அதைக் கலைத்தால் "சம பாலர்". 1964இன் "காதலிக்க நேரமில்லை" கலைந்து "தக்க நேரமில்லை, காலி" என்றாகும், ஏதோ கந்தோர் வாசலில் ஒட்டிய அறிவித்தல் போல. எல்லாவற்றிலும் பெரியது "பராசக்தி". 1952இல் கருணாநிதியின் வசனத்தோடு சிவாஜி அறிமுகமான படம், கோயிலில் நடந்த அநியாயத்தை நீதிமன்றக் கூண்டில் நின்று கேட்ட படம். அதே ஐந்து எழுத்தில் "ராச பக்தி" இருக்கிறது. யாருக்கும் தலை வணங்காத படத்தின் பெயருக்குள் இது! இதைக் கண்ட அன்று நான் தேத்தண்ணியை ஆற விட்டுவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஓர் எழுத்து இடித்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 1989இன் "கரகாட்டக்காரன்" பெயரில் "காட்டரக்கன்" அழகாக வரும், மிச்சம் "கார". "காரக் காட்டரக்கன்" என்று சேர்க்க இன்னொரு க் வேண்டும், அது இல்லை. பிள்ளைகள் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். நான் விடுவதில்லை. கடைசியில் புதுப்பெயரின் கீழே பழைய பெயரை எழுதி, எழுத்துக்கு எழுத்து வெட்டிச் சரிபாருங்கள்.

1981இன் "அலைகள் ஓய்வதில்லை" இன்னும் எங்கள் மேசையில் கிடக்கிறது. ஓலை, வலை, கள், அதில் என்று முல்லைத்தீவுக் கரையே வந்துவிட்டது. ஒரு "ய்" மட்டும் மிஞ்சி நிற்கிறது. அதற்கு இடம் கண்டுபிடித்தால் சொல்லுங்கள்.