சிங்கப்பூரில் நண்பர்களோடு சாப்பிட: புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் பெரும்பாலானோருக்கு அமைவது ஒரு வாடகை அறைதான். சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சில விதிகளையும் சொல்லிவிடுவார்: பெரிய சமையல் வேண்டாம், ஆட்களைக் கூட்டிவர வேண்டாம். நண்பர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடும் நம் வழக்கத்துக்கு முதல் நாளே தடை விழுந்துவிடுகிறது. பலர் அத்தோடு பொட்டலம் வாங்கிவந்து, கட்டிலில் உட்கார்ந்து, கைபேசியைப் பார்த்தபடி சாப்பிடப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்வதற்குள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் நண்பர்களோடு உட்கார்ந்து பேசி வயிறாரச் சாப்பிட உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டு ஹால் இனி அதுதான்.

தீவு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் உள்ளன. ஒரு காலத்தில் தெருவோரம் தள்ளுவண்டியிலும் கூடையிலும் விற்றவர்களை 1970களிலும் 80களிலும் அரசாங்கம் கூரை, தண்ணீர், கழிவுநீர் வசதி உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுவந்தது. அப்படி வளர்ந்த இந்தச் சாப்பாட்டுப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலான நிலையங்களில் ஏசி கிடையாது. தலைக்கு மேல் மின்விசிறி, சுற்றிலும் வரிசையாகச் சிறு கடைகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான மேசைகள். பலகையில் போட்டிருக்கும் விலைதான் நீங்கள் கொடுக்க வேண்டிய விலை. உணவகத்தில் அப்படி இல்லை. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்) சாப்பிட்டால் ரசீதில் 119 வெள்ளி 90 காசு வரும். ஐந்து பேர் போய் பில்லைப் பங்கு போடும்போது இந்தக் கணக்கு தெரியாதவர் திகைத்துப்போவார்.

விலையை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. உணவகத்தில் எல்லாரும் ஒரே சமையலறையின் சாப்பாட்டுக்கு ஒத்துப்போக வேண்டும். உணவங்காடியில் ஆளுக்கொரு கடைக்குப் போய் வாங்கிவந்து ஒரே மேசையில் சாப்பிடலாம். ஒருவர் மேசையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் நாலா பக்கமும் பிரிந்து போவார்கள். முதலில் வந்து சேர்வது தோசை. அடுத்து மலாய்க்காரர் கடையிலிருந்து நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றின் மேல் பொரித்த நெத்திலியும் வேர்க்கடலையும் ஓரத்தில் சம்பல் என்கிற சிவப்பு மிளகாய் விழுதுமாக. கோழிச்சோறு வாங்கப் போனவர் நீண்ட வரிசையில் நின்றுவிட்டுக் கடைசியில் வருவார். எல்லாருக்கும் வரட்டும் என்று இங்கே யாரும் காத்திருப்பதில்லை, வந்தவர் வந்ததைச் சாப்பிடத் தொடங்கிவிடலாம். சைவம், அசைவம், ஹலால் எல்லாம் ஒரே மேசையில் ஒத்துப்போகும். நாலு வெள்ளிக்குச் சாப்பிடுபவரும் பத்து வெள்ளிக்குச் சாப்பிடுபவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், யாருக்கும் கூச்சம் இருக்காது. சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ அலுவலக அட்டையோ கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இங்கே இதை ‘சோப்’ பண்ணுவது என்பார்கள். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காராதீர்கள். காலி இருக்கை இருந்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதே மேசையில் உட்காரலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வேலைநாளில் நகர மையத்தில் மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கூட்டமாகப் போகவே போகாதீர்கள். ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காது, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பின்னால் நிற்பதும் நல்லா இருக்காது.

சைவம் சாப்பிடுபவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சம்பலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். காய்கறி வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கலாம், நூடல்ஸ் குழம்பு எலும்பு கொதித்ததாக இருக்கலாம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் இவை எதுவும் விலகாது. இந்தியச் சைவக் கடைகளை விட்டால், சீனச் சைவக் கடைகளை நம்பிப் போகலாம். பௌத்த முறைப்படி சமைப்பதால் அவற்றில் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சோயாவில் செய்த போலி இறைச்சியைக் கண்டு பயப்பட வேண்டாம். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அந்தக் கடைகளில் கூட்டம் அலைமோதும்.

முஸ்லிம் நண்பர் உடன் இருந்தால், அவர் ஹலால் சான்றிதழ் ஒட்டிய கடையில் வாங்குவார். உங்கள் கரண்டியை அவர் தட்டில் விடாதீர்கள், அவர் தட்டை எடுத்து உங்கள் தட்டோடு அடுக்காதீர்கள். சாப்பிட்ட தட்டுகளைத் திருப்பி வைக்கும் அடுக்குகளே ஹலாலுக்குத் தனி, மற்றதற்குத் தனி. அப்புறம், அந்தத் தட்டுகளைத் திருப்பி வைப்பது உங்கள் வேலை. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் இது சட்டம். முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். அபராதத்துக்காக என்று இல்லை, மேசை துடைக்கிற வயதான அம்மாவைப் பார்த்தாலே கை தானாகத் தட்டை எடுக்கும்.

பானம் சொல்வதற்கு இங்கே தனி முறை உண்டு. ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் ஊற்றியது, இனிப்பு தூக்கலாக இருக்கும். ‘கோப்பி ஓ’ பால் இல்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. சர்க்கரையே வேண்டாமென்றால் பின்னால் ‘கோசோங்’ சேர்க்க வேண்டும், குறைத்துப் போடச் சொல்ல ‘சியு டாய்’, ஐஸ் வேண்டுமானால் ‘பெங்’. தேநீருக்கும் இதே முறைதான், ‘தே’ என்று தொடங்க வேண்டியதுதான். நம்மவர் நடத்தும் முஸ்லிம் கடைகளில் ‘தே ஹாலியா’ என்று கேளுங்கள், இஞ்சித் தேநீர் நுரை பொங்க வரும். மழை பெய்யும் மாலையில் நண்பர்களோடு புரோட்டாவும் தே ஹாலியாவுமாக உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

எங்கே போவது? முதலில் தேக்கா. சிராங்கூன் சாலை தொடங்கும் முனையில், லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தேக்கா நிலையம் இருக்கிறது. கீழே மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தையும் உணவங்காடியும், மேலே துணிக்கடைகள். பிரியாணி, தோசை, மீன் கறி எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே பேசி வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே தொழிலாளர்கள் திரளாகக் கூடுவார்கள். ஊர்க்காரர் யாரையாவது தேடுகிறீர்கள் என்றால் அதுதான் நேரம். ஆனால் தேக்காவோடு நின்றுவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பல வருடம் இருந்தும் தேக்காவைத் தாண்டிச் சாப்பிடாதவர்கள் நிறைய. நகர மையத்தில் லாவ் பா சாட் இருக்கிறது, 1894இல் கட்டிய எண்கோண இரும்புக் கட்டடம். மாலையானதும் அதன் பக்கத்துத் தெருவில் வண்டிப் போக்குவரத்தைத் தடுத்துவிட்டு மேசை போடுவார்கள், சாத்தே என்கிற குச்சியில் குத்திய இறைச்சியைச் சுடும் புகை தெரு முழுக்கப் பரவும். கடற்காற்று வேண்டுமென்றால் ஈஸ்ட் கோஸ்ட் லகூன். அங்கே பல கடைகள் மாலையில்தான் திறக்கும். வாழையிலையில் வைத்துச் சுட்ட திருக்கை மீனை நடுவில் வைத்து எல்லாரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

யாரோடு போவது என்பதுதான் புதிதாக வந்தவர்களுக்கு உண்மையான கேள்வி. உடன் வேலை பார்க்கும் சீனரிடமோ மலாய்க்காரரிடமோ “உங்கள் வட்டாரத்தில் எந்தக் கடை நல்ல கடை?” என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேச இங்கே யாரும் சலிப்பதில்லை, பாதிப் பேர் “வா, கூட்டிப்போகிறேன்” என்றே சொல்லிவிடுவார்கள். உள்ளூர்த் தமிழர்களிடமும் தயங்காமல் பேசுங்கள். அவர்கள் தமிழில் மலாய்ச் சொற்கள் கலந்து வரும், போகப்போகக் காதுக்குப் பழகிவிடும். கடைக்காரர்களை வயதுக்கேற்ப அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டால் போதும், நம்மவராக இருந்தால் அண்ணே, அக்கா.

இன்னொன்று: சந்திக்கும் நாளை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ‘ஒருநாள் பார்க்கலாம்’ என்பது இந்த ஊரின் வேலை நேரங்களுக்கு முன் நிற்காது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, இன்ன இடம், ஏழு மணி என்று வைத்துவிட்டால், வர முடிந்தவர் வருவார். காசு விஷயத்தில் பெரும்பாலும் அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர், பானம் மட்டும் முறை வைத்து ஒருவர் வாங்கலாம். பகிர்ந்து சாப்பிட்டதை அன்றிரவே, கைபேசியில் பணம் அனுப்பும் பேநவ் மூலம் அனுப்பிவிடுங்கள். யாராவது தொடர்ந்து இரண்டு முறை வராமல் போனால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணமுடையாக இருக்கலாம், வேலையில் பிரச்சினையாக இருக்கலாம், அதைக் கூட்டத்தில் சொல்ல முடியாமல்தான் ஒதுங்கியிருப்பார்.

இரவு நீளும்போது சிலவற்றை நினைவில் வையுங்கள். பொது இடங்களில் இரவு பத்தரையிலிருந்து காலை ஏழு மணிவரை மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங் வட்டாரத்திலும் வார இறுதி முழுக்கவே தடை, சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடும். வேலை அனுமதியில் வந்தவர்கள் இதில் விளையாடவே கூடாது. கடைசி ரயில் நள்ளிரவையொட்டிப் போய்விடும், அதற்குப் பிறகு மீட்டர் டாக்சியில் கட்டணத்தோடு பாதி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மிச்சச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனாலும் ரயிலில் பிரிக்காதீர்கள், சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் 500 வெள்ளிவரை அபராதம் உண்டு.

கிளம்புவதற்கு முன் அந்த நிலையம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்வதற்காகச் சில மாதங்களுக்கு ஒருமுறை மூடுவார்கள், தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும். திங்கட்கிழமைகளில் கடைகள் பல விடுமுறை. போய்ப் பார்த்து மூடியிருந்தால் கலைந்து போக வேண்டாம், பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே பெரும்பாலும் ஒரு காப்பிக்கடை (பெயர்தான் அப்படி, சாப்பாட்டுக் கடைகளும் உள்ளே உண்டு) இருக்கும், அங்கே உட்காருங்கள்.