டார்மெட்ரி தொழிலாளர்களுக்கு இணையவழி மனநலப் பயிற்சி: அமைப்பாளர்களுக்கான வழிமுறை

சிங்கப்பூரில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளர்களுக்கு இணையவழிப் பயிற்சி நடத்த விரும்புவோர், பாடத்திட்டத்தைத் தொடும் முன் அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை எழுதிப் பார்க்க வேண்டும். விடியும் முன் லாரி ஏறி, ஓவர்டைம் முடித்து இரவில் டார்மெட்ரி எனும் தொழிலாளர் விடுதிக்குத் திரும்பி, குளியலறை வரிசையில் நின்று, துணி துவைத்துவிட்டுப் படுப்பவரை ஒரு மணி நேர ஜூம் வகுப்புக்கு அழைப்பதில் பயனில்லை. லாரியில் இயர்போன் வழியே கேட்கும்படி, மூன்று நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவுகளாகப் பாடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உறக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது என்பதால், ஊரில் வேலையெல்லாம் ஓய்ந்து மனைவி பேச உட்காரும் 8.30 மணி, இங்கே இரவு 11 ஆகிவிடுகிறது. ஆகவே சீக்கிரம் தூங்கச் சொல்வதைவிட, வார நாட்களில் ஊர் நேரம் 7 மணிக்குச் சுருக்கமாகவும் ஞாயிற்றுக்கிழமை ஆற அமரவும் பேசலாம் என்று வீட்டாருடன் கலந்து முடிவு செய்ய வைப்பதே முதல் பயிற்சியாக இருக்கட்டும்.

பகலெல்லாம் கம்பி சுமப்பவருக்கு உடற்பயிற்சி உபதேசம் கேலியாகவே படும். முதுகைத் தளர்த்தும் அசைவுகளும் மெதுவான மூச்சும் போதும். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் கடன் மூச்சுப் பயிற்சியால் குறையாது என்பதால், அசல், வட்டி, மாதம் அனுப்பும் தொகை ஆகியவற்றை எழுதிப் பார்க்க ஒரு வாரத்தை ஒதுக்குங்கள்.

பதிவுகளை மட்டும் அனுப்பினால் பலர் பாதியில் நின்றுவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் லெபனானில் சிரிய அகதிகளிடம் சோதித்த 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்ற இணையவழி மனச்சோர்வு உதவித் திட்டத்தில், ஐந்து பாடங்களோடு, பயிற்சி பெற்ற சாதாரண உதவியாளர் ஒருவர் வாரம் சுமார் 15 நிமிடம் தொடர்பு கொள்வார். அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கம்பெனி மூலம் பெயர் சேர்க்காதீர்கள். வேலை செய்வதற்கான அனுமதி (பெர்மிட்) முதலாளியிடம் கட்டுண்டிருப்பதால், மனக்கஷ்டம் வெளியே தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அதில் செய்தி போய்ச் சேரும் என்பதால், சேரும்போதே சேமிக்கச் சொல்லுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், உதவியாளர் தாமே சமாளிக்க முயலாமல், இணைப்பைத் துண்டிக்காமல், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் தொண்டு அமைப்பின் 24 மணி நேர உதவி எண்ணுக்கோ, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் எண்ணான 995-க்கோ தகவல் சொல்ல வேண்டும். இந்த எண்களை முதல் நாள் பதிவுடனேயே அனுப்பிவிடுங்கள்.