பட்டு நூல் வளையல்: முதலில் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்

ஐப்பசியில் தங்கைக்கு வளைகாப்பு. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கு ஒரு ஜோடி பட்டு நூல் வளையல் கொடுக்கலாம் என்று சொன்னது நான்தான். 40 ஜோடி, கையில் மூன்று வாரம். முதல் ஆறு ஜோடியைச் சுற்றி முடித்ததும் பெரியம்மாவிடம் போட்டுப் பார்க்கக் கொடுத்தேன்.

"என் சைஸ் ரெண்டு ஆறுதானே? இது கட்டை விரல் மூட்டைத் தாண்டவே மாட்டேங்குதே, கண்ணு."

கண்ணாடி வளையல் என்றால் சோப்பு தடவி ஏற்றிவிடலாம். நூல் வளையலில் அது நடக்காது. அந்த ஆறு ஜோடியையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, என்ன தப்பு நடந்தது என்று ஸ்கேலோடு உட்கார்ந்தேன். அன்று தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நீங்கள் முதல் ஜோடியிலேயே சரியாகச் செய்துவிடலாம்.

சைஸ் கணக்கு

வளையல் சைஸ் தசமக் கணக்கு இல்லை. 2.6 என்றால் 2 அங்குலமும் 16-இல் 6 பங்கும். பழைய அணாக் கணக்கு போலத்தான்: 16 அணா ஒரு ரூபாய், 16 பங்கு ஒரு அங்குலம். 2.4 என்பது இரண்டே கால் அங்குலம், 2.8 என்பது இரண்டரை. அதனால்தான் 2.8-க்கு அடுத்து 2.10 வருகிறது. அதை 2.1 என்று படித்துவிட்டுச் சின்ன சைஸ் என்று நினைக்காதீர்கள்.

மில்லிமீட்டரில் உள்விட்டம் சுமாராக இப்படி வரும்: 2.4 என்றால் 57, 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5, 2.10 என்றால் 67. ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நூல் ஒரு அடுக்கு சுற்றியதும் என் வளையலில் உள்விட்டம் 1 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. போதாததற்கு, கண்ணாடி மாதிரி நூல் தோலில் வழுக்காது, பிடிக்கும். இரண்டும் சேர்ந்துதான் பெரியம்மா கையில் மாட்டாமல் போனது. எனவே 2.6 போடுகிறவருக்கு 2.8 வளையலில் சுற்றுங்கள். யார் சைஸும் தெரியாமல் மொத்தமாகச் செய்வதானால், பாதிக்கு மேல் 2.8 வாங்கிவிட்டு மீதியை 2.6-க்கும் 2.10-க்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

6 மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையான பிளாஸ்டிக் வளையல், பட்டு நூல், ஃபேப்ரிக் க்ளூ, பால் செயின் (குட்டி உலோக மணிகள் கோத்தது) அல்லது ஸ்டோன் செயின் (கல் பதித்தது), கூர்மையான சின்னக் கத்தரிக்கோல், துணி காயப்போடும் கிளிப் இரண்டு, பல் குத்தும் குச்சி, ஒரு ஊக்கு. கடலூர்க்காரர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவே போதும். நிறைய நிறத்தில் நூல் வேண்டும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்கு பஸ் ஏறி, மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய உலோக வளையலில் சுற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். நம்முடையது கடலோர ஊர். உப்புக்காற்றில் உள்ளே துருப் பிடித்தால் கறை நூலில் வந்துவிடும். பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. குழாய் போல உருண்ட வளையலையும் முதலில் தொடாதீர்கள். அதில் செயின் ஒட்ட இடமே கிடைக்காது.

பசை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: ஃபேப்ரிக் க்ளூ மட்டும்தான். வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். அடைமழைக் காலத்தில் ராத்திரி தடவினால் காலையிலும் பிசுபிசுக்கும். வெளிர் நிற நூல் என்றால் பசை ஊறி மேலே திட்டுத்திட்டாகத் தெரியும். நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூ இன்னும் மோசம். கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துப்போகும், காற்றில் ஈரம் இருந்தால் அதிகமாகவே பூக்கும். சிந்திவிட்டது என்று பருத்தித் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். பருத்தி பட்டால் அது சூடேறிப் புகையும், கை சுட்டுவிடும்.

நூலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டு நூல் என்று கடையில் தருவது பெரும்பாலும் விஸ்கோஸ் ரேயான். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு மளமளவென்று எரிந்தால் விஸ்கோஸ், உருகி உருண்டையானால் பாலியஸ்டர், முடி கருகும் வாசனை வந்தால் நிஜப் பட்டு. வளையலுக்கு விஸ்கோஸே போதும், பளபளப்பு நன்றாக இருக்கும். ஆனால் ஈரம் பட்டால் அதன் பலம் குறைந்துவிடும். எச்சில் தொட்டோ தண்ணீர் தொட்டோ நூலைச் சீராக்க வேண்டாம். கை உலர்ந்தே இருக்கட்டும். விரல் நுனி சொரசொரப்பாக இருந்தால் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொள்ளுங்கள், இழை மாட்டாது.

நூல் கற்றை

நீளமான நோட்டுப் புத்தகத்தில் நீளவாக்கில் 25 சுற்று சுற்றி, ஒரு முனையை மட்டும் வெட்டுங்கள். 65 சென்டிமீட்டர் சுமாருக்கு 25 இழை கையில் வரும். ஒரு வளையலுக்கு இப்படி இரண்டு கற்றை வேண்டும். சுற்றும்போது நோட்டு வளையும் அளவுக்கு இழுக்காதீர்கள். அப்புறம் இழைகள் நீளம் மாறிப்போய், நடுவில் சில இழைகள் தொங்கும்.

சுற்றுவது: கை தடுமாறும் இடம்

நிதானமாக வாசியுங்கள், வளையலின் அழகு மொத்தமும் இங்கேதான் இருக்கிறது.

முதல் நாள் வளையல் முழுக்கப் பசை தடவிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். நாலாவது சுற்றிலேயே பசை விரலில் ஒட்டி, விரலில் நூல் ஒட்டி, ரோஜா நிறம் அழுக்கு நிறமானது. பசை இவ்வளவு போதும்: வளையலின் உள்பக்கம் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிசாகத் தடவி, கற்றையின் முனையை அதில் சாய்வாக ஒட்டி, கிளிப் போட்டு பத்து நிமிடம் விடுங்கள். அதற்கப்புறம் இரண்டு விரற்கடைக்கு ஒரு பொட்டு, அதுவும் உள்பக்கம் மட்டும், குச்சி முனையால். வெளிப்பக்கம் பசை படவே கூடாது.

அடுத்தது முறுக்கு. கற்றையை வளையலுக்குள் விட்டு வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டு என்று போகப் போக இழைகள் கயிறு போல முறுக்கிக்கொள்ளும். முறுக்கின கற்றை உருண்டையாகப் படியும், இடைவெளி தெரியும், பளபளப்பு போய்விடும். நான் கண்ட வழி அந்த ஊக்குதான். கற்றையின் கீழ்முனையில் ஊக்கைக் குத்தி மூடிவிடுங்கள். பத்து சுற்றுக்கு ஒருமுறை, சுற்றின இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வளையலை உயரத் தூக்கினால் ஊக்கு தொங்கித் தானாகச் சுழலும். சுழன்று நிற்கும்போது முறுக்கு பிரிந்திருக்கும். பிறகு ஆள்காட்டி விரல் நகத்தால் கற்றையை மேலிருந்து கீழாக ஒருமுறை நீவுங்கள். 25 இழையும் நாடா மாதிரி பக்கத்தில் பக்கத்தில் படுக்கும். அந்த நாடா நிலையில்தான் அடுத்த சுற்று.

உள்பக்கம் ஏன் தடித்துப்போகிறது என்றும் ரொம்ப நாள் யோசித்தேன். 2.8 வளையலில் உள்சுற்றளவு 20 சென்டிமீட்டர், வெளிச்சுற்றளவு 21.2. வெளியே இடைவெளி விடாமல் நெருக்கிப் படுக்கும் அதே நூல், உள்ளே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைவான இடத்தில் அடங்க வேண்டும். ஆக உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும், அது உங்கள் தப்பில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் பாருங்கள்: ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் ஓரத்தில் கால்வாசி ஏறி உட்கார வேண்டும். அதற்கு மேல் ஏறினால் மேடு, ஏறாமல் விட்டால் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். வளையல் நிறமும் நூல் நிறமும் ஒன்றாக இருந்தால் சின்ன இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அப்படியே வாங்குங்கள்.

முதல் கற்றை தீரும்போது முனை உள்பக்கம் வந்து நிற்கட்டும். ஒட்டிக் கிளிப் போட்டு, அதே இடத்தில் அடுத்த கற்றையைத் தொடங்குங்கள். கடைசி முனையும் உள்பக்கமே. ஒட்டிக் காய்ந்த பிறகுதான் மிச்ச நூலை வெட்ட வேண்டும். ஈரத்தில் வெட்டினால் கத்தரி இழுக்கும், முனை பிரிந்துவிடும்.

செயின்

இது சுலபம். வளையலின் நடுவில் குச்சியால் மெல்லிய பசைக்கோடு, இரண்டு நிமிடம் பொறுத்து, தொட்டால் பிசின் போல இழுக்கும் பக்குவத்தில் செயினை வையுங்கள். அவசரப்பட்டு உடனே வைத்தால் செயின் நழுவிப் பசை வெளியே பிதுங்கும். தனிக் கல் ஒட்டுவதானால் இன்னொரு குச்சியின் முனையில் துளி மெழுகை உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். கல் அதில் ஒட்டிக்கொண்டு வரும். இடுக்கி எனக்குச் சரிப்படவில்லை, கல் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போகும். மழை நாளில் முழு நாள், மற்ற நாளில் ஐந்தாறு மணி நேரம் காய விடுங்கள்.

பெட்டி

பரிசாகக் கொடுக்கும் பொருளைப் பிளாஸ்டிக் உறையில் போட எனக்கு மனம் வரவில்லை. பாண்டியில் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் இருக்கும்போது அது எதற்கு? பருத்தித் துணிக் கழிவை அரைத்துச் செய்கிற தாள், தொட்டாலே துணியைத் தொடுவது போலிருக்கும். மெல்லிய ரகமாகப் பார்த்து வாங்குங்கள், தடித்த தாள் மடிப்பில் வெடிக்கும்.

பசையில்லாமல் மடிக்கும் பெட்டி இது. சதுரத்தின் பக்க அளவை 2.83-ஆல் வகுத்தால் பெட்டியின் அடிப்பக்க அளவு. நான் முதலில் 21 சென்டிமீட்டர் சதுரத்தில் மடித்தேன். 7.4 வந்தது. சுற்றாத வளையல் உட்கார்ந்தது, கல் வைத்தது உட்காரவில்லை. அடிப்பெட்டிக்கு 22, மூடிக்கு 22.5 சென்டிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். 22க்கு 30 அங்குல முழுத் தாளில் ஆறு சதுரம் வரும், அதாவது மூன்று பெட்டி. 40 ஜோடிக்கு எனக்கு 14 தாள் ஆனது.

நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடியுங்கள். கிடைத்த சின்னச் சதுரத்தின் நான்கு பக்கங்களையும் ஒவ்வொன்றாக நடுக்கோடு வரை மடித்துத் தடம் பதித்துப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு மூலைகளை மட்டும் முழுசாக விரித்து, மற்ற இரண்டு பக்கங்களைச் சுவராக நிமிர்த்துங்கள். விரித்த மூலைகளை, ஓரம் உள்ளே மடங்கும்படி மேலே தூக்கிப் பெட்டிக்குள் போட்டு அடியில் படிய வையுங்கள். நான்கு முனையும் நடுவில் சந்தித்தால் சரி. தடம் பதிக்க மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா அருமையான கருவி.

பின்சேர்க்கை

வாசித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை.

நூலில் பிசிறு நிற்கிறது, லைட்டரால் காட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கூடாது. விஸ்கோஸ் காகிதம் போலத் தீப்பிடிக்கும், அடியில் பிளாஸ்டிக் வேறு. கத்தரியைத் தட்டையாகப் படுக்க வைத்துப் பிசிறை மட்டும் நறுக்குங்கள்.

கற்றை மாறும் இடத்தில் சில நாளில் பிரிந்துவிடுகிறது என்று ஒருவர் படம் அனுப்பினார். பார்த்தேன், இணைப்பு வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கம் கொண்டுவந்து, புதுக் கற்றையின் முதல் இரண்டு சுற்றைப் பழைய முனையின் மேலேயே ஏற்றுங்கள். அது பூட்டு மாதிரி பிடித்துக்கொள்ளும்.

வளையலே போடாத தோழிக்கு அளவு எப்படி எடுப்பது? கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, விரல் மூட்டுகளின் மேல் சுற்றி நூலால் அளந்து ஸ்கேலில் வையுங்கள். 18 சென்டிமீட்டர் வந்தால் 2.4, 19 என்றால் 2.6, 20 என்றால் 2.8, 21 என்றால் 2.10. நூல் சுற்றப் போவதால் அதிலிருந்து ஒரு சைஸ் கூட்டி வாங்குங்கள்.

மாட்டாமல் போன முதல் ஆறு ஜோடியைப் பற்றியும் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கும் அவள் தோழிகளுக்கும் கொடுத்தேன், கச்சிதமாக இருந்தது. மிஞ்சின துண்டு நூல்களை நடுவில் கட்டி, இரண்டாக மடித்துக் கழுத்தில் நாலு சுற்று சுற்றினால் குஞ்சலம் ஆகிவிடும். அதைக் கம்மல் கொக்கியில் மாட்டலாம், சாவிக் கொத்திலும் மாட்டலாம். பெரியம்மாவுக்கு மட்டும் 2.8-இல் புதிதாக ஒரு ஜோடி, அவருக்குப் பிடித்த மாம்பழ மஞ்சளில் சுற்றினேன். வளைகாப்பன்று கண்ணாடி வளையலுக்கு நடுவில் அதையும் போட்டுக்கொண்டுதான் தங்கைக்குச் சந்தனம் பூசினார்.