விடுமுறை நாளில் கடை திறப்பதற்கு முன்: பலரும் செய்யும் தவறுகள்

நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் ஒரு தேதி. அன்று கடையைத் திறக்கலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தேடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். விடுமுறை நாள் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், அதற்குள் நான்கு தனிக் கேள்விகள் இருக்கின்றன: எந்த நாள், எவ்வளவு பெரிய கடை, என்ன சரக்கு, யாருடைய உழைப்பு. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை அடுத்ததற்கும் பொருத்திக்கொள்ளும்போது கடைக்காரர் அபராதம் கட்டுகிறார். பல வேளைகளில் ஊழியர் தமக்கு உரிமையுள்ள ஓய்வை இழக்கிறார். இரண்டாவது இழப்பு வெளியே தெரிவதில்லை என்பதால் அதைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேச வேண்டியிருக்கிறது.

பொது விடுமுறை வேறு, கடை மூடும் நாள் வேறு

நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே 1990ஆம் ஆண்டின் கடை நேரச் சட்டப்படி ஆண்டுக்கு மூன்றரை நாட்கள்தான் கடைகள் மூடியிருக்க வேண்டும்: புனித வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, கிறிஸ்துமஸ், ஏப்ரல் 25இல் வரும், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அன்சாக் நாளன்று பிற்பகல் 1 மணி வரை. புத்தாண்டும் ஈஸ்டர் திங்களும் பொது விடுமுறைகள்தாம். ஆனால் அன்று கடை திறக்கத் தடையில்லை. இதற்கு நேர்மாறானது ஈஸ்டர் ஞாயிறு. அது கடை மூட வேண்டிய நாள்; ஆனால் பொது விடுமுறை அல்ல. இந்த ஒரு நாளில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பொது விடுமுறைப் பட்டியலில் இல்லையே என்று கடையைத் திறப்பவர் சட்டத்தை மீறுகிறார். விலக்குப் பெற்ற கடையில் அன்று வேலை செய்துவிட்டு, விடுமுறை நாளுக்கான ஒன்றரை மடங்கு ஊதியத்தையும் மாற்று விடுப்பையும் எதிர்பார்க்கும் ஊழியருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தச் சலுகைகளைத் தருவது விடுப்புச் சட்டம். கடையை மூடச் சொல்வது வேறொரு சட்டம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் இதே சிக்கல் உண்டு. சில்லறை வணிக விடுமுறைச் சட்டப்படி ஈஸ்டர் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்க வேண்டும். தொழிலாளர் சட்டத்தின் பொது விடுமுறைப் பட்டியலில் அந்த நாள் இல்லை. டிசம்பர் 26 அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடைகளோ அன்று திறந்திருக்கலாம். ஆகவே ஒரு பட்டியலை மட்டும் சுவரில் ஒட்டிவைத்திருப்பவர் பாதிச் சட்டத்தைத்தான் ஒட்டிவைத்திருக்கிறார்.

அளவை அளக்கும்போது

'சின்னக் கடைக்குச் சட்டம் பொருந்தாது' என்ற பேச்சு பல நாடுகளில் பாதி உண்மை. எதை வைத்துச் சின்னக் கடை என்கிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டரைத் தாண்டினால் அது பெரிய கடை. 1994ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி அத்தகைய கடை ஞாயிறன்று காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே தொடர்ச்சியாக 6 மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம். ஈஸ்டர் ஞாயிறன்று திறக்கவே கூடாது. கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் வந்தாலும் பெரிய கடைகள் மூடியிருக்க வேண்டும் என்பதை 2004ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உறுதிப்படுத்தியது.

இந்த 280 சதுர மீட்டரில் சேர்வது வாடிக்கையாளர் வாங்கும் இடமும் சரக்கைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடமும் மட்டுமே. கிடங்கு சேராது. இதைப் படித்ததும் சிலருக்கு ஒரு யோசனை வரும்: அன்று மட்டும் கடையின் ஒரு பகுதியைத் திரை போட்டு மறைத்துவிட்டால் அளவு குறைந்துவிடுமே? குறையாது. அந்த நாளோடு முடியும் ஒரு வாரம் முழுவதும் அந்தப் பகுதியில் விற்பனையோ காட்சியோ நடந்திருக்கக் கூடாது என்று சட்டம் முன்கூட்டியே வழியை அடைத்திருக்கிறது.

எல்லைக் கோடு தாண்டினால் இந்த எண்கள் செல்லுபடியாகாது. ஞாயிறு வணிகச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டு நாளுக்கும் 2007இல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் 2006 முதல் கடை நேரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலங்களிடம் உள்ளது. விடுமுறைகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகஸ்ட் 8 அவுக்ஸ்புர்க் நகர எல்லைக்குள் மட்டும் விடுமுறை. பக்கத்து ஊர்க் கடை திறந்திருப்பதைச் சான்றாகக் காட்ட முடியாது.

சரக்கு மாறினால் விலக்கு போய்விடும்

பெரும்பாலான சட்டங்கள் மருந்துக் கடை, எரிபொருள் நிலையம், உணவகம், ரயில் நிலையக் கடை போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. விலக்கு கடையின் பெயர்ப்பலகைக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே விற்கும் பொருளோடு கட்டப்பட்டதாகவும் அது இருக்கலாம். இங்கிலாந்தில் ஒரு பெரிய மருந்துக் கடை மருந்தும் மருத்துவக் கருவிகளும் மட்டும் விற்றால்தான் அதற்கு விலக்கு. ஷாம்பு அலமாரியையும் திறந்துவைத்தால் அது மற்றப் பெரிய கடைகளைப் போன்றதே. நியூசிலாந்தில் சிறு கடைக்குக் கிடைக்கும் விலக்கும் அப்படித்தான்: மறுநாள் வரை தள்ளிப்போட முடியாத உணவு, பானம், வீட்டுக்கும் உடலுக்கும் வேண்டிய பொருட்கள், அவையும் தேவைக்கு மிஞ்சாத அளவில். தோட்டச் செடி விற்கும் நிலையங்களுக்கு அங்கே ஈஸ்டர் ஞாயிறன்று விலக்கு உண்டு. இரண்டு நாட்களுக்கு முந்தைய புனித வெள்ளிக்கு இல்லை.

பொருளை வைத்துக் கோடு கிழிப்பது சட்டம் எழுதுபவர்களையும் திணறடித்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடைகள் சட்டம் ஞாயிறன்று சிற்றுண்டி விற்க அனுமதித்தது. ஆனால் பொரித்த மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் அதற்கென்றே உள்ள கடையில் விற்கக் கூடாது என்றது. வேறு உணவகம் விற்கலாம்! இப்படிப்பட்ட முரண்கள் பெருகியதால்தான் 1994இல் பொருளை விட்டுவிட்டுப் பரப்பளவை முதன்மை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

விலக்கைப் பெறுவதற்காக வேடம் போடுவதும் நிலைப்பதில்லை. போலந்தில் 2018 மார்ச் முதல் ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் வணிகத்துக்குத் தடை வந்தது. அஞ்சல் நிலையங்களுக்கு விலக்கு இருந்ததால், பார்சல் பெற்றுத் தரும் மூலை ஒன்றை வைத்துக்கொண்டு பல பல்பொருள் அங்காடிகள் அஞ்சல் நிலையங்களாயின. 2022 பிப்ரவரியில் சட்டம் திருத்தப்பட்டது: மாத வருவாயில் குறைந்தது 40 விழுக்காடு அஞ்சல் சேவையிலிருந்து வந்தால்தான் அந்த விலக்கு. அபராதம் 1,000 ஸ்லோட்டி முதல் 1,00,000 ஸ்லோட்டி வரை. அதே சட்டம் உரிமையாளர் தாமே கல்லாவில் நின்று விற்பதை அனுமதிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தடை கடைக் கதவைவிட ஊழியரின் ஓய்வையே குறி வைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இது மதச் சட்டம் மட்டுமா?

விடுமுறைத் தடையை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒருசேரச் செய்யும் தவறு இது. தோற்றம் மதத்தில்தான் என்பது உண்மை. ஆனால் நீதிமன்றங்கள் கேட்டது வேறு கேள்வி. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985இல் ஞாயிறு வணிகத்தைத் தடுத்த 'ஆண்டவர் நாள்' சட்டத்தை, அதன் நோக்கமே மதம் என்பதால், செல்லாது என்றது. அடுத்த ஆண்டே ஒன்ராறியோவின் சில்லறை வணிக விடுமுறைச் சட்டம் அதே நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஊழியர்களுக்குப் பொதுவான ஓய்வு நாள் தருவது மதச்சார்பற்ற நோக்கம் என்று அதை ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 டிசம்பர் 1 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க அனுமதித்த பெர்லின் சட்டத்தை ஏற்கவில்லை. வணிகர்களின் வருவாய் ஆர்வமும் வாங்குவோரின் அன்றாட விருப்பமும் மட்டுமே விதிவிலக்குக்குப் போதுமான காரணங்கள் ஆகா என்பது அதன் நிலை. எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்தால்தான் குடும்பம் ஒன்றுகூடும். ஆளுக்கொரு நாள் ஓய்வு அதற்கு ஈடாகாது. இந்த வாதம் எந்த மதத்தவருக்கும், மதமே இல்லாதவருக்கும் பொருந்தும்.

திறக்கலாம் என்றால் அழைக்கலாம் என்று பொருளல்ல

எல்லாவற்றிலும் கொடிய தவறு இதுதான். கடை திறக்க அனுமதி கிடைத்தவுடன், 'அன்று எல்லோரும் வந்துவிடுங்கள்' என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் கடை ஊழியர் ஒருவர் 3 மாத எழுத்து அறிவிப்புத் தந்து ஞாயிறு வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஞாயிறு வேலைக்கென்றே சேர்ந்தவருக்கு மட்டும் இது பொருந்தாது. நியூசிலாந்தில் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் ஈஸ்டர் ஞாயிறன்று தங்கள் பகுதியில் கடை திறப்பதை அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்குத் தந்தது. கூடவே, காரணம் சொல்லாமலே அன்று வேலைக்கு மறுக்கும் உரிமையைக் கடை ஊழியருக்கும் தந்தது. வேலைக்கு அழைக்க விரும்பும் முதலாளி, மறுக்க உரிமை உண்டு என்பதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்பு கிடைத்த 14 நாட்களுக்குள் ஊழியர் தம் மறுப்பைச் சொல்ல வேண்டும். மறுத்தவரைப் பின்னர் வேலை நேரத்தைக் குறைத்தோ வேறு வகையிலோ பழிவாங்கவும் முடியாது.

அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுத் திறப்பவர்களும் உண்டு. நியூசிலாந்தில் உச்ச அபராதம் 1,000 டாலர்தான். நல்ல விற்பனை நாளில் அது பெரிய தொகை அல்ல. ஆனால் அந்தக் கணக்கில் அன்று வரவழைக்கப்பட்ட ஊழியரின் நாளுக்கு விலை போடப்படவில்லை. சட்டத்தை மதித்துக் கடையை மூடிவைத்த பக்கத்துக் கடைக்காரரின் இழப்பும் அதில் இல்லை.

நியூசிலாந்து முதலாளி ஊழியருக்குத் தர வேண்டிய அந்த எழுத்து அறிவிப்பிலும் தவறு நேரலாம். ஈஸ்டர் ஞாயிறுக்கு 8 வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிடக் கூடாது. அதற்கு 4 வாரங்களே இருக்கும் நாளைத் தாண்டியும் தள்ளக் கூடாது. ஈஸ்டர் ஆண்டுதோறும் நகரும் நாள் என்பதால் சென்ற ஆண்டுத் தேதியைப் பார்த்து எழுதினால் பிசகும். 2027இல் அது மார்ச் 28. அப்படியானால் அறிவிப்பு ஊழியரின் கைக்குச் சேர வேண்டிய காலம் ஜனவரி 31க்கும் பிப்ரவரி 28க்கும் இடையே.