நெட் போனாலும் ஓடுமா? மலைக்காரர்களுக்கு கேம் லைப்ரரியை அடுக்கும் முறை

கேம் லைப்ரரியை ஒழுங்கு செய்யப் போகிறேன் என்றால் ஆக்‌ஷன், ரேஸிங், ஆர்பிஜி என்று வகை பிரிக்கத்தான் எல்லோரும் சொல்வார்கள். கோவையில் இருப்பவருக்கு அது போதும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நெட் இல்லாமல் ஓடுமா ஓடாதா என்பதைத்தான். ஐப்பசி மழையில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும், கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை ஆனி ஆடியிலேயே ஆரம்பித்துவிடும். கரண்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. நெட்டுக்கு?

முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பது. கேம் விற்கும் ஆன்லைன் கடைகளில், ஸ்டீமில் தள்ளுபடியில் வாங்கியது ஒரு பக்கம், எபிக் வாராவாரம் வியாழக்கிழமை இலவசமாகத் தருவது ஒரு பக்கம், ஜிஓஜி இன்னொரு பக்கம் என்று சிதறிக் கிடந்தால் என்ன இருக்கிறது என்பதே மறந்துவிடும். விண்டோஸில் பிளேநைட் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம்தான். மூன்று கணக்கையும் இணைத்தால் மொத்தப் பட்டியலும் ஒரே ஜன்னலில் வந்துவிடும். ஆனால் அது பட்டியல்தான், கேமைத் திறக்கும்போது பெரும்பாலும் அந்தந்தக் கடையின் லாஞ்சரும், அதாவது கேமைத் திறக்கும் அதன் செயலியும், வேண்டும்.

பட்டியல் வந்ததும் ஒரே கேம் இரண்டு மூன்று கடைகளில் இருப்பது கண்ணில் படும். ஜிஓஜியில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடுங்கள். காரணம் சுலபம்: ஜிஓஜி தளத்தில் ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தனி ஃபைலாகவே இறக்கிக்கொள்ளலாம், அதை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டால் ஒற்றை ஆளாக விளையாடுவதற்கு நெட்டும் வேண்டாம், லாஞ்சரும் வேண்டாம். வெயில் காலத்தில், லைன் நன்றாக இருக்கும்போதே இறக்கி வையுங்கள்.

ஸ்டீம்தான் கொஞ்சம் பொறுமை கேட்கும். அதில் கலெக்‌ஷன், அதாவது கேம்களைச் சேர்த்துவைக்கும் தொகுப்பு, இரண்டு விதம்: ஃபில்டரை வைத்துத் தானே நிரம்பிக்கொள்வது, நாமே கையால் சேர்ப்பது. நமக்கு இரண்டாவதுதான். ‘மழைக்காலம்’ என்று ஒன்று தொடங்குங்கள். எதைச் சேர்ப்பது என்பதற்குக் கடைப் பக்கத்தில் ‘சிங்கிள் பிளேயர்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், டயாப்லோ 4 தனியாக ஆடினாலும் நெட் கேட்கும். கேமை நெட்டோடு ஒருமுறை திறந்து, ஆட்டம் தொடங்கும் வரை போய், மூடுங்கள். அப்புறம் ஸ்டீமை ஆஃப்லைன் மோடுக்கு மாற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். ஓடினால் கலெக்‌ஷனில் சேருங்கள், இல்லையென்றால் வெளியே. அப்டேட் பாதியில் நிற்கும் கேம் ஆஃப்லைனில் மக்கர் செய்யும், அதனால் மேகம் கூடுகிறபோதே அப்டேட்டுகளை முடித்துவிடுவது நல்லது. வீட்டில் தம்பியிடமும் கணினி இருந்தால் ஐம்பது ஜிபியை இரண்டு முறை இறக்க வேண்டாம்: 2023 முதல் ஸ்டீமில் வீட்டு நெட்வொர்க் வழியாகவே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு கேமை மாற்றலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு வகை பிரிக்க ஆசைப்பட்டால் பிரியுங்கள். என்னைக் கேட்டால் முடித்தது, பாதியில் இருப்பது, கைவிட்டது என்ற மூன்றே போதும். கைவிட்டதைக் கைவிட்டது என்றே குறிக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

ஆட்டம் எதுவரை போனது என்பதைப் பதிந்துவைக்கும் சேவ் ஃபைல்களை மறக்காதீர்கள். ஒரு வாரம் ஆஃப்லைனில் ஆடிவிட்டு நெட் வந்ததும், கிளவுடில் (ஸ்டீமின் ஆன்லைன் சேமிப்பில்) இருப்பது வேண்டுமா, இந்தக் கணினியில் இருப்பது வேண்டுமா என்று ஸ்டீம் கேட்கலாம். அவசரத்தில் கிளவுடை அழுத்தினால் அந்த வாரம் ஆடியது போச்சு, தேதியைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். லுடுசாவி என்ற இலவச மென்பொருள் சேவ்களைத் தேடிப் பிடித்து நகல் எடுத்துவைக்கும், பிளேநைட்டோடும் சேரும்.

பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு எதிரி பூஞ்சைதான். அலமாரியை மழை அடிக்கும் பக்கச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டிஸ்க்குகளை நிமிர்த்தி வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் புதிதாகப் போடுங்கள். ஈரம் போகட்டும் என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் டிஸ்க் வளைந்துவிடும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், வட்டமாக வேண்டாம்.

இந்த டிஸ்க்குகளையும் பிளேநைட்டில் கையால் சேர்க்கலாம். எந்த டப்பாவில் இருக்கிறது என்று குறிப்புப் பகுதியில் எழுதுங்கள், இரவல் கொடுத்திருந்தால் யாரிடம் என்பதையும் அங்கேயே.