கச்சானுக்கு முந்துங்கள்

மே முதல் ஆகஸ்ட் வரை மட்டக்களப்பில் சைக்கிள் ஓட நினைப்பவர்கள் கச்சான் காற்றைக் கணக்கில் எடுங்கள். மேற்கிலிருந்து அனலாக வீசும். வெயில் ஏற ஏற வலுக்கும். அதனால் மேற்குப் பக்கத்தை வெள்ளனவே முடித்துவிட வேண்டும்.

விடியவே கல்லடியிலிருந்து புறப்பட்டு, காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி, 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போங்கள். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். வயல்வெளியில் நிழல் கிடையாது. இரண்டு போத்தல் தண்ணீர் கட்டாயம். எனக்கு அந்தப் பாலத்தில் நின்று வாவியைப் பார்ப்பதே பாதிப் பயணம்.

1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை நகருக்குள்தான் இருக்கிறது, பின்னேரம் பார்க்கலாம். கடற்கரை மணலில் ஓடினால் அன்றிரவே செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள்.