கம்ப்யூட்டரை வீட்டிலேயே அசெம்பிள் செய்ய: முதலில் ப்ளக் பாயிண்டைப் பாருங்கள்

என் மச்சினன் வேலூர் பக்கம் பேரணாம்பட்டில் ஒரு தோல் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறான். ராத்திரியில் வீட்டில் உட்கார்ந்து டேலி, எக்செல், ஜிஎஸ்டி தளம், நடுநடுவே வாட்ஸ்அப். அவனிடம் இருந்தது இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர் போட்ட பழைய கம்ப்யூட்டர். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போட இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். "புதுசா ஒண்ணு நாமளே பூட்டிக்கலாமா மாமா?" என்றான். பூட்டினோம். ஸ்க்ரூ டிரைவரைத் தவிர எதையும் பிடித்துப் பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாங்கும் முன்: மூன்றாவது ஓட்டை

பழைய பெட்டியைக் கழற்றப் போனபோதே ஆரம்பித்துவிட்டான். "இன்னா மாமா, தொட்டா சுருசுருன்னு கீது?" டெஸ்டரை எடுத்து கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூவில் வைத்தேன். உள்ளே இருந்த சின்ன பல்பு மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. எலக்ட்ரீஷியனை அழைத்துப் ப்ளக் பாயிண்டைத் திறந்தால், மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எர்த் வெறும் அலங்காரம்.

ஏன் சுருக்கென்கிறது? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை) மின் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் பெட்டியின் தகரத்தோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்த வழியாகக் கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி தகரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். கசியும் கரண்ட் சொற்பம்தான், சுருக்கென்பதோடு போகும். ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து முழு ஃபேஸும் பெட்டியில் இறங்கினால், எர்த் இல்லாத வீட்டில் ஃப்யூஸ்கூடப் போகாது. தொடுகிற கைதான் எர்த்.

அதனால் பட்ஜெட்டின் முதல் செலவு எலக்ட்ரீஷியன் கூலி. பச்சை ஒயர் இழுத்து, கொல்லையில் இருந்த எர்த் குழியில் சேர்த்தார். கரியும் உப்பும் போட்ட குழி சித்திரை வெயிலில் பொரிமாவாகக் காய்ந்து கிடந்தது. காய்ந்த மண் கரண்டை வாங்காது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார், டெஸ்டர் அணைந்தது. நீங்கள் ஸ்க்ரூவில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதோடு நில்லுங்கள், ப்ளக் பாயிண்டை நீங்களே திறக்க வேண்டாம்.

என்ன வாங்குவது

விலைப் பட்டியல் போடப்போவதில்லை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், அன்று எழுதி வைத்த பட்டியலெல்லாம் ஒரே மாதத்தில் குப்பைக்குப் போனது.

பிராசசர்: ஐ3 12100. நான்கு கோர், கணக்கு வேலைக்குத் தாராளம். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. நாலு காசு குறைகிறதே என்று அதை வாங்கினால் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கவேண்டி வரும். பிராசசரைக் கம்பெனி அட்டைப்பெட்டியோடு வாங்குங்கள், அதைக் குளிர்விக்கும் கூலரும் மூன்று வருட வாரண்டியும் சேர்ந்து வரும். 'ட்ரே' என்று சொல்லி வெறும் பிராசசரை ஒரு கடையில் என் தலையில் கட்டிவிட்டார்கள், அதற்குக் கம்பெனி வாரண்டி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஏஎம்டி பிடிக்குமென்றால் ரைசன் 5 5600ஜி, அதிலும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது.

மதர்போர்டு: ஐ3க்கு எச்610, டிடிஆர்4 ரேம் போடும் வகை (ரைசனுக்கு இது பொருந்தாது). அதே பெயரில் டிடிஆர்5 போர்டும் விற்கிறது, பில் போடும் முன் படித்துப் பாருங்கள். ரேம் 8 ஜிபியாக இரண்டு. கை கடித்தால் இப்போதைக்கு ஒன்று போதும், இன்னொரு ஸ்லாட் காத்திருக்கும். ஃபைல்களைச் சேமிக்க, போர்டிலேயே செருகும் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் பழையதே.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த மெஷின் மானிட்டரோடு சேர்ந்து முக்கினாலும் 150 வாட்டைத் தாண்டாது, அதனால் 450 வாட் போதும். ஆனால் கரண்டை வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ளதாக, பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக இருக்கட்டும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நான் தொடுவதில்லை. கூடவே ஒரு 600 விஏ யுபிஎஸ். கரண்ட் போனால் டேலியை மூடிவிட்டு எழுந்திருக்க நேரம் கிடைக்கும்.

காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெரு பக்கம்தான். பிராசசர், போர்டு, எஸ்எஸ்டியை அங்கே வாங்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸையும் யுபிஎஸ்ஸையும் வேலூரிலேயே வாங்குங்கள், பழுதானால் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியாது. எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள்.

பூட்டுவது

மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்து, அதன்மேல் போர்டை வையுங்கள். கேபினட் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

பிராசசரின் மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும், சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி மெதுவாக வையுங்கள். அழுத்தக் கூடாது. சாக்கெட்டுக்குள் இருக்கும் பின்கள் தலைமுடி போல, ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. லீவரைக் கீழே இறக்கும்போது மட்டும் பயமாக இருக்கும் அளவுக்கு அழுத்தம் வேண்டும், அது சரிதான். மேலிருக்கும் கறுப்பு மூடி தானே தெறித்து வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குப் போனால் கேட்பார்கள்.

கூலரின் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவியே வரும், விரல் வைக்காதீர்கள். நான்கு கால்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள அம்பு கழற்றுவதற்கான திசை, மாட்டும்போது அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும். எதிரெதிர் மூலைகளாக, கட்டை விரலால் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். மச்சினன் மூன்றில் டக் வாங்கிவிட்டு நான்காவதை விட்டுவிட்டான். போர்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூன்று கால்கள் வெள்ளையாக விரிந்திருந்தன, ஒன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீங்களும் திருப்பிப் பாருங்கள். ஃபேன் ஒயரை 'சிபியு ஃபேன்' என்று அச்சிட்ட இடத்தில் செருகுங்கள்.

ரேமின் வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து, இரண்டு முனையும் சத்தம் போடும்வரை அழுத்துங்கள். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகிப் படுக்க வைத்து, ஒரு கடுகு ஸ்க்ரூ போட வேண்டும். எங்கள் ஸ்க்ரூ கட்டிலுக்கடியில் ஓடி அரை மணி நேரம் தின்றது.

இனி கேபினட். போர்டின் யுஎஸ்பி, மானிட்டர் ஓட்டைகளுக்கான பின்பக்கத் தகடு முதலில். போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டட்கள் போர்டின் ஓட்டைக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று இருந்தால் போர்டின் அடியில் முட்டி ஷார்ட் ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 பின் ஒயர் ஒன்று, பிராசசர் பக்கத்தில் 8 பின் (சில போர்டில் 4) ஒன்று. ஃபேன் சுற்றியும் திரையில் ஒன்றும் வராவிட்டால் இந்த இரண்டாவது ஒயரையும் ரேமையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. பவர் பட்டன் ஒயரை எப்படிப் போட்டாலும் வேலை செய்யும், எல்இடி ஒயருக்கு மட்டும் பிளஸ் மைனஸ் உண்டு.

முதல் ஸ்டார்ட்

பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரை) ரேம் 16 ஜிபி (ஒன்றுதான் போட்டிருந்தால் 8) காட்டுகிறதா, எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் போர்டில் 'பிடிடி' என்ற பெயரில் இருக்கும். 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து விண்டோஸ் போடுங்கள். ஊரார் கணக்கு இருக்கிற மெஷினில் கிராக் விண்டோஸ் வேண்டாம்.

அப்புறம் சூடு. 'மரமில்லா மலை' என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அந்த மலை பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்தபின் கக்கும். ராத்திரி எட்டு மணிக்கும் மாடி அறை கொதிக்கும். அறை 25 டிகிரியில் இருந்து 40க்கு ஏறினால் பிராசசரும் ஏறக்குறைய அதே 15 டிகிரி ஏறும். இந்த ஐ3 தாங்கும் எல்லை 100 டிகிரி, அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் மேஜையில் பெட்டிக்கென்று கதவு வைத்த அறை இருக்கும், பின்பக்கம் பலகை அடித்திருப்பார்கள். அதற்குள் வைத்தால் எந்தக் கூலரும் உதவாது. நாங்கள் பலகையைக் கழற்றி விறகோடு போட்டோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயரால் தூசி ஊதுங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. எர்த் குழியையும் மறக்க வேண்டாம். மச்சினன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மீதியை அதில்தான் ஊற்றுகிறான்.